சிராப்பள்ளிக் கோட்டையில் ஒரு கல்விப் பணி: சுவார்ட்ஸ் ஐயர் வாழ்க்கை

திருச்சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரில் நிற்கும் பள்ளி என்ற சொல்லின் வரலாற்றை நம் இதழின் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், கால் வைக்கவே அஞ்சும் சரிவில், நம் முனிவர்கள் தங்கிய குகையும் அவர்களுடைய கற்படுக்கைகளும் இன்றும் உள்ளன. அங்குள்ள எழுத்துக்களுள் சிரா என்னும் பெயரைக் கண்ட அறிஞர் சிலர், அப்பெயருடைய முனிவரின் பள்ளியே ஊருக்குப் பெயராயிற்று என்பர். முனிவர் படுக்கையும் பள்ளி. அவர் உறையுளும் பள்ளி. அங்கே ஊர்ப்பிள்ளைகள் எழுத்தறிந்தமையால் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று என்பது பலர் கொள்கை.

அதே மலையின் அடிவாரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடல் கடந்து வந்த ஒருவர் பதினாறு ஆண்டுகள் தங்கிப் பள்ளி நடத்தினார். அவர் நம் சமயத்தவர் அல்லர். அவர் வந்த நோக்கமும் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும், ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் வகுத்த மரபில் வந்த நாம், ஒரு பள்ளிக்குப் பொருள் எங்கிருந்து வந்தது, அது எவ்வாறு காக்கப்பட்டது, அங்குப் பயின்றவர்கள் பின்னாளில் அப்பள்ளியை எவ்வாறு நினைந்தனர் என்பதை ஒருவர் வாழ்க்கையில் வைத்துக் காண்பது பயனுடையதாகும். நம் ஊர்களில் சிறு பள்ளிகளை நடத்திக்கொண்டு, ஆண்டுதோறும் கட்டடத்துக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் யாரிடம் கேட்பது என்று கலங்கும் அன்பர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

கிறிஸ்டியன் பிரடரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து நாட்டில் உள்ளது. இளமையிலேயே தாயை இழந்தார். 1746இல் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் வித்து அந்நகரத்தில்தான் விழுந்தது. ஆகவே ஹாலே பற்றிச் சிறிது கூறவேண்டும்.

ஹாலேயில் பிராங்கே என்னும் பேராசிரியர் 1695இல் ஏழைப்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். முதல் எவ்வளவு தெரியுமோ? அவர் வீட்டு உண்டியலில் ஓர் அம்மையார் இட்ட 4 தாலரும் 16 குரோஷனும். அத்தொகையைக் கொண்டு புத்தகங்கள் வாங்கி, ஏழை மாணவன் ஒருவனை ஆசிரியனாக அமர்த்திப் பாடம் தொடங்கினார். 1727இல் அவர் மறைந்தபோது அந்நிறுவனங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர். அனாதை இல்லம், அச்சகம், மருந்துச்சாலை எனப் பலவும் வளர்ந்திருந்தன. அரசர் ஒருவர் அள்ளிக் கொடுத்ததால் நிகழ்ந்த வளர்ச்சியன்று இது. வந்த கொடை எது, அது எவ்வாறு செலவாயிற்று என்பதைப் பிராங்கே அச்சிட்டு உலகறியச் செய்தார். படித்தவர்கள் மேலும் கொடுத்தனர். தரங்கம்பாடியில் இயங்கிய லுத்தரன் சபையாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஹாலேயில் தொடர்ச்சியாக நூல்வடிவில் வெளியாயின. செருமானிய நாட்டின் சிற்றூரில் இருந்த ஒருவர் தாம் அனுப்பிய காசு காவிரிக்கரையில் என்ன ஆயிற்று என்று அவற்றில் படித்து அறியலாம். காலாண்டுக்கு ஒருமுறை இதழ் கொணர்வதற்கே மூச்சுத் திணறும் நாம், கப்பல் வழியே ஓராண்டுத் தொலைவில் கிடந்த கணக்கை ஒழுங்காக அச்சிட்ட அவர்களை வியவாமல் இருக்க முடியவில்லை.

அக்கடிதங்களில் உள்ள மாசையும் மறைக்கலாகாது. நம் நாட்டுச் சமயங்கள் அனைத்தையும் இருள் என்று காட்டுவது அவற்றின் வழக்கம். கொடுப்பவர் மனம் இரங்க வேண்டும் என்பதற்காக உதவி பெறுபவரைத் தாழ்த்திக் காட்டும் பழக்கம் அன்றே இருந்தது. இன்றைய வேண்டுகோள் அறிக்கைகளிலும் அது ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை.

ஹாலேயில் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். தமிழ் விவிலிய அச்சுப்பணிக்கு உதவுவதற்காகத் தொடங்கிய கல்வி அது. 1749இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். வந்த சில திங்களிலேயே தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். 1762இல் நடந்தே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தார்.

அக்காலத் திருச்சிராப்பள்ளி போர்ப் பாசறையாக இருந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் நடந்த பூசலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் புகுந்து பத்தாண்டே கழிந்திருந்தது. 1752இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் திருக்கோயில் மதில்களுக்குள் புகுந்து பாசறை அமைத்து, இறுதியில் அங்கேயே சரணடைந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அரங்கன் துயிலும் அவ்வூர் பீரங்கி ஒலி கேட்டு விழித்திருந்த காலம் அது. ஆற்றுக்கு இப்புறம் கோட்டைக்குள் ஆங்கிலப் படையும், அதனை அண்டிப் பிழைத்த மக்களும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் நிறைந்திருந்தனர்.

அப்போது கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று தீப்பற்றி வெடித்துப் பலர் மாண்டனர். தந்தையரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளைக் கண்ட சுவார்ட்ஸ், படைவீரர்களிடமும் அதிகாரிகளிடமும் சென்று கேட்டுப் பொருள் திரட்டினார். தளபதி மேஜர் பிரஸ்டன் துணைநின்றார். இவ்வாறு தோன்றியதே அந்த அனாதைப் பிள்ளைகளின் பள்ளி. கேட்டவர் யார், எந்நிலையில் இருந்து கேட்டார் என்பதை இங்கே கருத வேண்டும். அவருடைய மாத வருவாய் 10 வராகன். ஆங்கிலக் கணக்கில் ஆண்டுக்கு 48 பவுண்டு அளவாகும். தங்குவதற்குப் பழைய இந்துக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலும் அவரும் கொள்ளும் அளவே இடம்; நிமிர்ந்து நிற்பதே அரிது. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணியே உடை. நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும் உணவு. விரதம் கருதி அவர் அவ்வாறு உண்டாரல்லர் எனினும், கேட்கும்போது நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கின்றது. இவற்றை எழுதி வைத்தவர் அவரை நேரில் அறிந்திருந்த வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவ்வறையைக் கண்ட படைவீரன் எவனும் தன் காசு எங்கே போகும் என்று ஐயுற்றிருக்க மாட்டான்.

1764இல் மதுரைக் கோட்டையை நவாபின் படையும் ஆங்கிலப் படையும் முற்றுகையிட்டன. உள்ளே எதிர்த்து நின்றவர் யூசுப் கான் என்னும் மருதநாயகம். அம்முற்றுகையில் பிரஸ்டன் உயிரிழந்தார். சுவார்ட்ஸ் பாசறைக்குச் சென்று காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கவனித்தார். அதற்காக நவாபு அளித்த 300 வராகனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பள்ளிப் பணிக்கே சேர்த்தார். இங்கே நமக்கு ஒரு நெருடல் உண்டு. இல்லறத்தார் பண்புகளை வகுத்த நம் ஆசிரியர்கள், நியாய வழியில் ஈட்டிய பொருள் என்பதையே முதற்கண் வைத்தனர். ஒரு முற்றுகையின் முடிவில் வெற்றி பெற்றவர் கையிலிருந்து வந்த பணம் எவ்வகையினது? யூசுப் கானைத் தூக்கிலிட்டவரும் அதே நவாபுதான். சுவார்ட்ஸ் இதை எண்ணிக் கலங்கினாரோ என்னவோ. நாம் அவரிடத்தில் இருந்திருப்பின் எளிதில் வாங்கியிருக்க மாட்டோம் என்று சொல்லவே விரும்புகின்றோம். ஆனால் பசித்த பிள்ளைகளை அருகே வைத்துக்கொண்டு அவ்வாறு சொல்வது எளிதன்று.

படைவீரரும் அதிகாரிகளும் அளித்த பொருளால் எழுந்த கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் திறக்கப்பட்டது. தெப்பக்குளத்தின் அருகே அது இன்றும் நிற்கின்றது. அடுத்த ஆண்டு முதல் இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அவரைத் தன் பணியாளராக ஏற்றது. கம்பெனி அரசு கோட்டைப் படைக்குக் குருவாக அவருக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வழங்கத் தொடங்கியபோது, முதல் ஆண்டுத் தொகை முழுவதையும் இருப்பிடமும் பள்ளிக்கூடமும் கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் ஆண்டுதோறும் பாதியைப் பணிக்கு ஒதுக்கினார். பிறரிடம் கேட்குமுன் தம் பையைத் திறந்து காட்டிய பின்னரே வேண்டுகோள் விடுத்தார் என்பது அவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் காணப்படுவதாகும்.

1778இல் அவர் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் பள்ளியைப் போலே என்னும் செருமானியக் குரு ஏற்று நடத்தினார். மறு ஆண்டு சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரை ஐதர் அலியிடம் தூதராக அனுப்பினார். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மதிப்புடன் வரவேற்று வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். திரும்பிய சுவார்ட்ஸ் அப்பணத்தைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முனைந்தார். அவர்கள் ஏற்க மறுக்கவே, தஞ்சையில் ஆங்கிலம் கற்பிக்கும் அனாதைப் பள்ளிக்கு அதனை முதல் நிதியாக வைக்க இசைவு பெற்றார். மைசூர்ச் சுல்தானின் பணம் தஞ்சைப் பிள்ளைகளின் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் ஆயிற்று.

அடுத்து வந்த போரில் தஞ்சைச் சீமை பாழாயிற்று. கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே நெல் இருந்தும் உழவர் கொண்டுவர மறுத்தனர். விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை மன்னரிடத்தும் இல்லை, கம்பெனியாரிடத்தும் இல்லை. பணம் நான் தருவேன் என்று சுவார்ட்ஸ் சொல் கொடுத்தபின், சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. உரியவர்க்கு உரிய தொகையைத் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்தார். தம் நாட்டில் அவர் தடையின்றிச் செல்லலாம் என்று ஐதர் அலியும் தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டிருந்தார். போரிடும் இருவரும் நம்பிய ஒருவராக அவர் இருந்தார். நிதி திரட்டுவதைத் தனிக் கலையாகப் பயிலுவோர் பலர் உளர். உழவன் எருதை அவிழ்த்துக்கொண்டு வருவது எத்தகைய சொல்லுக்கு என்பதை அவர்கள் இந்நிகழ்ச்சியில் கண்டுகொள்ளலாம்.

1785 அளவில் தஞ்சை ரெசிடெண்டு ஜான் சல்லிவன் என்பார் மாகாணப் பள்ளிகள் என்னும் திட்டம் வகுத்தார். நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் தாய்மொழியும் கற்பிப்பது நோக்கம். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் அவை தோன்றச் சுவார்ட்ஸ் அரும்பாடுபட்டார். தஞ்சை மன்னரும் இராமநாதபுரம் சேதுபதியும் சிவகங்கை அரசும் பொருளுதவி செய்தனர். இலண்டனில் கம்பெனி இயக்குநர்கள் 1787இல் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் வழங்க ஒப்புக்கொண்டனர். பயின்றவருள் பெரும்பாலோர் அந்தணர் முதலிய குடும்பங்களின் பிள்ளைகள். மதம் மாற்றுவதற்கான சூழ்ச்சி எதுவும் இப்பள்ளிகளில் இராது என்பது சுவார்ட்ஸின் உறுதி. தம் சமயத்தைப் பரப்புவதே வாழ்வின் நோக்கமெனக் கொண்ட ஒருவர், கொடுத்தவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டை மீறாமல் நின்றார் என்பதை அவரோடு மாறுபடும் நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொடையாளர் ஒன்று கருதிக் கொடுக்க, நடத்துவோர் வேறொன்றுக்குச் செலவிடுவதால் மூடிய பள்ளிகள் எத்தனை!

சாதி பற்றிய செய்தியில் அவரைக் குறை கூறாமல் இருக்க இயலாது. வழிபாட்டிலும் பிள்ளைகளை அமர்த்துவதிலும் சாதிவாரியாக இடம் பிரித்தமர்வதை அவர் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் தானே மறையும் என்று நம்பினார் போலும். அது மறையவில்லை.

1793இல் கம்பெனிப் பட்டயம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது, மாண்ட்கோமரி கேம்பல் என்னும் உறுப்பினர் இப்பணிகளையும் அவற்றால் பயன்பெற்றோரையும் இழித்துரைத்தார். செய்தி பின்னர்த் தஞ்சை சேர்ந்தது. அறுபத்தேழு வயது முதியவர் சினம் கொள்ளாமல், தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும், எவரெவர் அறிய நிகழ்ந்தன என்பதையும் வரிசையாக எழுதி இலண்டன் சங்கத்துக்கு அனுப்பினார். சங்கம் அதனை அச்சிட்டு வெளியிட்டது. அவர் தம்மைப் பற்றி நீளமாக எழுதிய கடிதங்களுள் அது ஒன்று. வசை வந்திராவிடில் நமக்கு அவ்வரலாறு கிடைத்திராது.

இனி அவரிடம் பயின்றவர்களைக் காண்போம். தஞ்சை மன்னர் துளஜா 1787இல் இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரம் கொண்ட பத்து வயதுப் பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். ஆட்சி அமர்சிங்கிடம் சென்றது. சிறுவன் ஒளிபுகாத அறையில், கல்வியின்றி அடைபட்டுக் கிடந்தான். சுவார்ட்ஸ் சென்னை அரசுக்கு எழுதினார், மீண்டும் எழுதினார், காவலைத் தளர்த்தச் செய்தார், பாடம் சொல்ல ஆளமைத்தார். 1793இல் சிறுவனும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கெரிக்கே என்னும் குரு சரபோஜியின் கல்வியைக் கவனித்தார். 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்துவிட்டார். மணமின்றி வாழ்ந்த அவர் தாம் சேர்த்த பொருள் அனைத்தையும் பணிக்கே எழுதி வைத்தார்.

1801இல் சரபோஜி மன்னர் இலண்டன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். தம் ஆசானுக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் ஒன்று செய்தனுப்ப வேண்டும், செலவு தம்முடையது என்பது அதன் பொருள். அதுவரை தஞ்சையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற கடிதங்கள் கொடை பெறும் கடிதங்கள். இது கொடுக்கும் கடிதம். ஜான் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பி செதுக்கிய அச்சிற்பம் தஞ்சையில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில் இருக்கின்றது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைச் சரபோஜி பற்றி நிற்கின்றார். கெரிக்கே அருகே இருக்கின்றார். பள்ளிப் பிள்ளைகளும் கட்டிலருகே நிற்கின்றனர். மன்னர் தாமே ஆங்கிலத்தில் இரங்கற்பாவும் இயற்றினார். அவர் தம் சமயத்தை விட்டவரல்லர். இறுதிவரை தம் முன்னோர் நெறியிலேயே நின்றார். 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவி, அங்கே இலவசப் பள்ளி அமைத்துப் பல மொழிகள் கற்பித்தார். சரசுவதி மகாலை அவர் வளர்த்த வரலாறு தமிழகம் அறிந்தது.

மற்றொரு மாணவர் பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயக சாத்திரியார். அச்சிறுவனைச் சுவார்ட்ஸ் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துவந்து படிப்பித்தார். இருபது வயதளவில் அவர் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் அவரே.

திருச்சிராப்பள்ளியில் அவர் விதைத்தது பிற்காலத்தில் வேறு பெயர் பெற்றது. கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர், தஞ்சையில் சரபோஜியைக் கண்டபின் திருச்சிராப்பள்ளி வந்து, 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவ்வூரிலேயே திடீரென இறந்தார். சுவார்ட்ஸ் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது பிஷப் ஹீபர் பள்ளி எனப்படுகின்றது. இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பெயரைத் தாங்கிய பள்ளியில் பயின்றவர் அப்துல் கலாம். குடியரசுத் தலைவரான பின்னரும் அப்பள்ளியையும் அங்குத் தமக்குக் கற்பித்த ஆசிரியரையும் அவர் மறவாது பேசிவந்தார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் அவர் பயின்ற காலத்தை ஒட்டி அங்கே படித்த எழுத்தாளர் சுஜாதா, தாம் முன்னர்ப் பயின்ற திருவரங்கத்து உயர்நிலைப் பள்ளியைத் தம் கதைகளில் உலவவிட்டார். பழைய மாணவர் சங்கம் அச்சிடும் எந்த மலரும் அவ்வளவு வாசகரை எட்டியிராது.

வேதநாயக சாத்திரியார்க்கு முதுமையில் இடர் வந்தது. சாதி வழக்கங்களையும் வழிபாட்டில் பாடும் முறைகளையும் பற்றிப் புதிதாக வந்த குருமார்களோடு அவருக்குப் பிணக்கு மூண்டது. அவ்வழக்கங்களில் பலவற்றைக் காக்க முயன்ற சாத்திரியார் பக்கமே நியாயம் முழுவதும் இருந்தது என்று நாம் சொல்லோம். 1829இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஐம்பத்தைந்து வயதில் பள்ளியை இழந்து நின்ற அவரை, அதே ஆசானிடம் பாடம் கேட்ட சரபோஜி மன்னர் தம் அவைப் புலவராக்கிப் பேணினார்.